ஒயர்கூடையில் வந்த பதில்

2010-ஆம் வருடம், மே மாதம். கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஆபீஸ் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் ஒரு கோப்பு இருந்தது. அதைப் பிரித்துப் படிப்பதற்கு முன்பே பாதி முடிவை எடுத்துவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான் அப்போது கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் கிடைக்க ஏற்பாடு செய்கிற பிரிவு. விண்ணப்பம் போட்டவரின் இடத்துக்கு நேரில் போய், அவர் எழுதியதெல்லாம் உண்மைதானா என்று பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. நான் "பரிந்துரைக்கிறேன்" என்று எழுதினால் கோப்பு கமிட்டிக்குப் போகும். "பரிந்துரைக்கவில்லை" என்று எழுதினால் அலமாரிக்குப் போகும்.

அந்தத் திட்டத்தில் பெண்களுக்கு மானியம் ஜாஸ்தி. கையிலிருந்து போட வேண்டிய பங்கும் குறைவு. பெண்கள் முதலாளியாக வேண்டும் என்று நல்ல மனதோடு யாரோ மேலே உட்கார்ந்து யோசித்து எழுதிய விதி. நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? கடை வைக்க நினைத்த ஆண்கள் பாதிப் பேர் மனைவி பெயரில் விண்ணப்பம் போட ஆரம்பித்தார்கள். பண்ருட்டி பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு மனு வந்தது. முதலாளி என்று கையெழுத்துப் போட்டிருந்த பெண்ணிடம், "உங்க சூளை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். "அவரு வந்ததும் கேட்டு சொல்றேங்க" என்றார். இன்னொரு பெண், தான் முதலாளி ஆகிவிட்ட விஷயமே தெரியாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வந்துவிட்டது. உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடம் சொல்லிவிடுவேன், இது உண்மை, இது டூப் என்று. ஆபீஸில் எனக்கு "ஸ்கேன் மேடம்" என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் என் காதில் விழும்படிதான் சொல்வார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பெண்களுக்கு வர வேண்டிய சலுகையை ஆண்கள் தட்டிக்கொண்டு போவதைத் தடுக்க ஒருத்தி இருக்கிறாள், அது நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு என் மடியில் இருந்த கோப்பு, மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரில் கருகிய செம்புக்கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. காயில் கட்டுவது என்பார்கள். விண்ணப்பதாரர் பெண், வயது முப்பத்திரண்டு, படிப்பு பத்தாம் வகுப்பு. காயில் சுற்றுகிற மெஷினும், வார்னிஷ் காய வைக்கிற பெட்டி அடுப்பும் வாங்கக் கடன் கேட்டிருந்தார். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எத்தனையோ ரீவைண்டிங் கடைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூடப் பெண்ணைப் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதாலேயே இருக்க முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன்.

கடை சிதம்பரம் ஊரைத் தாண்டி, புவனகிரி போகிற சாலையில் இருந்தது. முன்பக்கம் ஒரு அறை, நடுவில் பிளைவுட் தடுப்பு, பின்னால் இன்னொரு அறை. வாசலில் எரிந்த மோட்டார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அந்த வருடம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் நோஞ்சானாக வரும். வயல் மோட்டார்களும் வீட்டு மோட்டார்களும் மாறி மாறி எரிந்துகொண்டிருந்த காலம். காயில் கட்டுகிறவர்களுக்கு மட்டும் கை ஓயவில்லை.

ஜீப் நின்றதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர் ஓடிவந்தார். கைகூப்பி, "வாங்க சார், வாங்க" என்றார். எனக்கில்லை, என் டிரைவருக்கு. டிரைவர் நரைத்த தலையும் கண்ணாடியுமாகக் கலெக்டர் மாதிரி இருப்பார், மனுஷர் சங்கடத்தோடு என் பக்கம் கையைக் காட்டினார். எத்தனை ஊரில் இது நடந்திருக்கிறது! ஜீப்பிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் இறங்கினால் ஆண்தான் ஆபீசர், பெண் அவர் பின்னால் கோப்பு தூக்கி வருகிறவள். அந்த எரிச்சலோடுதான் நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் விண்ணப்பதாரரின் கணவர். மனுஷர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எந்த மோட்டாருக்கு எந்த கேஜ் கம்பி, ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, வார்னிஷ் எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னார். நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டேன். கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு மோட்டாரும் போன வாரம்தான் எரிந்திருந்தது. "ஏங்க, வோல்டேஜ் கம்மியா வந்தா மோட்டார் ஏன் எரியுது? கம்மியா வந்தா நல்லதுதானே?" என்றேன். "ஒரு நிமிஷம் மேடம்" என்று தடுப்புக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து, "வோல்டேஜ் கொறஞ்சா மோட்டாரு கரண்ட ஜாஸ்தி இழுக்கும் மேடம். அதுல சூடாயி எரிஞ்சிரும்" என்றார். தண்ணீர் குடிக்கப் போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தப் பெண் காபி கொண்டுவந்தார். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, வியர்வையில் கரைகிற குங்குமம். டம்ளரை வாங்கினேன். லேசாக மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. ஸ்டவ்வுக்கு ஊற்றிவிட்டு அப்படியே காபி போட்டிருக்கிறார் என்று மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டேன். "நீங்க கடையில என்ன வேலை பார்ப்பீங்கம்மா?" என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் முந்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் நான் பாத்துக்குவேன் மேடம். நீங்க கவலையே படாதீங்க. லோனு ஒழுங்கா கட்டிருவோம். ஆம்பள நான் இருக்கேன்ல?"

அவ்வளவுதான், என் தலைக்குள் இருந்த ஸ்கேன் மெஷின் வேலையை முடித்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். பேசாமல் வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம், "உங்க பேர்ல வாங்கி அவர் கடை நடத்தறதுக்கு இந்தத் திட்டம் இல்லம்மா" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே அறிக்கையை எழுதினேன். விண்ணப்பதாரர் பெயரளவில் மட்டுமே உரிமையாளர், தொழில் அறிவு இல்லை, கணவரே நடத்துகிறார், பரிந்துரைக்கப்படவில்லை. பல முறை எழுதிப் பழகிய வரிகள் என்பதால் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மேலதிகாரியின் மேஜைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், கூடையில் ஏதோ கனமாக வைத்திருக்கிறார் என்று பியூன் வந்து சொன்னார். அதே பெண்தான். ஆனால் பட்டுப் புடவை இல்லை, பூ இல்லை. வெளுத்த ஒரு நூல் புடவை, பஸ்ஸில் நசுங்கி வந்த அலுப்பு, கையில் பிளாஸ்டிக் ஒயர்கூடை. கூடைக்குள் பழைய துண்டில் சுற்றி உருண்டையாக என்னவோ இருந்தது.

மே மாதம் எங்கள் மாவட்டத்தில் ஆபீசரைப் பார்க்க வருகிறவர்கள் உருண்டையாகக் கனமாகக் கொண்டுவந்தால் அது என்னவாக இருக்கும்? பலாப்பழம்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்த வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம். எடுத்துட்டுப் போங்க" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். அவர் குனிந்து துண்டை அவிழ்த்தார். உள்ளே இருந்தது ஒரு மோட்டாரின் ஸ்டேட்டர். கம்பி சுற்றுகிற இரும்புக் கூடு. கம்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லல மேடம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "இங்கியே கொஞ்சம் கீழ ஒக்காந்துக்கட்டுமா?"

நான் சரி என்றேனா, இல்லை என்றேனா, நினைவில்லை. அவர் என் மேஜைக்கு எதிரே தரையில் ஒரு செய்தித்தாளை விரித்தார். ஸ்டேட்டரைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தினார். கூடையிலிருந்து கத்தரிக்கோல், தடித்த காகிதம், ஒரு மூங்கில் பட்டை, ஏற்கெனவே சுற்றி எடுத்துவந்த செம்புக்கம்பி வளையங்கள் எல்லாம் வெளியே வந்தன. காகிதத்தை அளவெடுக்காமலே வெட்டி ஸ்டேட்டரின் பள்ளங்களில் ஒவ்வொன்றாகச் செருகினார். பிறகு கம்பி வளையத்தை விரித்து, நாலு நாலு இழையாகப் பள்ளத்துக்குள் இறக்கி, மூங்கில் பட்டையால் அமுக்கினார். அவர் விரல், பூத்தொடுக்கிறவர்களின் விரல் போவது மாதிரி போனது. கரண்ட் போய் ஃபேன் நின்றது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பக்கத்து மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். எலெக்ட்ரிகல் படித்த ஒருவர் எங்களில் உண்டு. அவர் குனிந்து ஏதோ கேட்டார். பெண் நிமிராமலே பதில் சொன்னார். அவர் இன்னொன்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது. மூன்றாவது கேள்விக்கு, "இல்ல சார், நீங்க சொல்றது பழைய மாடலுக்கு. இதுல கனெக்‌ஷன் மாத்திக் குடுக்கணும்" என்றார். எங்கள் ஆள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேலை செய்துகொண்டேதான் பேசினார். வடலூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பத்தாவது முடித்ததும் ஊர்ப் பெண்கள் சிலரோடு கோயம்புத்தூருக்கு மோட்டார் கம்பெனி வேலைக்குப் போனார். ஆறு வருடம் அங்கே காயில் கட்டுகிற பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்களாம். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தார். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மோட்டாரைப் பற்றி அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது.

"பின்ன அன்னிக்கு அத்தனையும் சொன்னாரே?" என்றேன்.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "நான்தான் மேடம் சொல்லிக் குடுத்தேன். மூணு நாளு சவாரிய வுட்டுட்டு ஒக்காந்து மனப்பாடம் பண்ணாரு. வோல்டேஜ் பத்தி நீங்க கேட்டது எழுதிக் குடுத்ததுல இல்ல. அதான் உள்ள ஓடியாந்து கேட்டுக்கினு போனாரு."

எனக்குச் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. அப்படியானால் மண்ணெண்ணெய் வாசனை? அதையும் கேட்டேன். விரலில் ஒட்டிய வார்னிஷ் சோப்புக்குப் போகாதாம். ஆபீசர் அம்மா வருகிறார்களே, அழுக்குக் கையோடு காபி கொடுக்கக்கூடாது என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அவர்தான் தொழில் செய்கிறார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை எனக்காகவே கழுவித் துடைத்துவிட்டு வந்து நின்றிருக்கிறார். அதை மோந்து பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"ஏம்மா, நீங்களே பேசியிருக்கலாமே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே" என்றேன். என் தப்பில் பாதியை அவர் தலையில் இறக்கிவைக்கிற ஆசை எனக்கு.

அவர் மூங்கில் பட்டையைக் கீழே வைத்தார். கடனுக்காக முதலில் அவர்தான் வங்கிக்குப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னாராம். அங்கிருந்தவர் கேட்டுவிட்டு, வீட்டுக்காரரை வரச்சொல் என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை போனபோதும் அதே பதில். மூன்றாம் முறை கணவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"அன்னிக்குத்தான் மேடம் ஒக்கார நாற்காலி குடுத்தாங்க. அவரு பேசுனாரு, பேப்பரு நகந்துச்சு. சரி, பேசுற வேல அவருக்கு, கட்டுற வேல எனக்குன்னு பிரிச்சிக்கிட்டோம். ஒரு எடத்துல ஆம்பள வந்தாதான் நம்புறாங்க. இன்னொரு எடத்துல ஆம்பள பேசுனா நம்ப மாட்டேங்குறாங்க. எந்த எடத்துல யாரு பேசணும்னு எங்கியாவது எழுதிப் போட்டிருந்தா படிச்சிட்டு வந்திருப்பேன்."

குரலில் கோபமே இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே அப்படி ஒரு போர்டு இருந்தால் வசதியாக இருக்கும் என்கிற மாதிரிதான் சொன்னார். ஜீப்பிலிருந்து இறங்கும் ஆணை ஆபீசர் என்று நினைக்கிறார்களே என்று வருடக்கணக்காக வயிறெரிந்தவள் நான். கடைக்குள் நின்ற ஆணை முதலாளி என்று நினைக்க எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

அவர் கட்டி முடித்ததைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்தார். அது யாரோ ஒரு வாடிக்கையாளரின் வீட்டு மோட்டார். சாயங்காலத்துக்குள் வார்னிஷ் போட்டாக வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டில் நாளைக்குத் தண்ணீர் இல்லை என்றார். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "வரேன் மேடம்" என்று கிளம்பிவிட்டார். அந்தக் கனத்தோடு படியிறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் முன்னால் அதைப் பலாப்பழம் என்று நினைத்துக் கத்தியது நினைவுக்கு வந்து கூசியது.

அறிக்கையை மாற்றுவது லேசான காரியம் இல்லை. அரசு ஆபீஸில் ஒருமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டதைத் திருப்பி எழுதினால் எதையோ வாங்கிக்கொண்டுதான் மாற்றினாள் என்பார்கள். இருபது வருட சர்வீஸில் என்மேல் அப்படி ஒரு சொல் விழுந்ததில்லை. ஒரு பெண் கூடையோடு வந்ததை ஆபீஸே பார்த்திருக்கிறது. வெளியில் இந்தக் கதை எப்படி எப்படியெல்லாம் திரியும் என்று நினைத்தபோது பயமாகத்தான் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் கமிட்டி. அதற்குள் நான் வாய் திறக்கவில்லை என்றால் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். கையால் சுற்றி அந்தப் பெண் எத்தனை மோட்டாரைக் கட்டுவார்? வாசலில் வரிசையாக நின்ற மோட்டார்கள் மெஷின் இருக்கிற வேறு கடைக்குப் போய்விடும். சீசன் போனால் போனதுதான்.

மூன்று மணிக்கு மேலதிகாரியின் அறைக்குள் போனேன். நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு இது தேவையா மேடம்? அடுத்த வருஷம் புதுசா அப்ளை பண்ணச் சொல்லுங்களேன்" என்றார். என் நன்மைக்காகத்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்திய கையோடு மறுபடியும் திறந்து உள்ளே போனேன். "இல்ல சார், நான் எழுதினது தப்பு. மறுபடி போய்ப் பார்த்துட்டு வேற எழுதறேன்" என்றேன். தப்பு என்ற வார்த்தை மட்டும் கோப்பில் வேண்டாம், "கூடுதல் விவரங்கள் கிடைத்ததால்" என்று எழுதுங்கள் என்றார். அப்படியேதான் எழுதினேன். அந்த விஷயத்தில் என் தைரியம் அவ்வளவுதான் இருந்தது. ஆகவே இன்றுவரை அந்தக் கோப்பில் நான் தவறியதாக ஒரு எழுத்தும் கிடையாது.

மறு ஆய்வுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஆட்டோவோடு சவாரிக்குப் போயிருந்தார். அந்தப் பெண் முன்னறையிலேயே தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய வயல் மோட்டாருக்குள் கையை விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "ஒக்காருங்க மேடம், இந்தக் காயில எறக்கிட்டு வந்துர்றேன். பாதியில வுட்டா சுத்து கணக்கு தப்பிரும்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் என்னைக் காக்க வைத்தார். ஆய்வுக்குப் போன இடத்தில் என்னை யாரும் அப்படிக் காக்க வைத்ததில்லை. அந்த இருபது நிமிடமும் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மோட்டாரோடு வந்த ஒரு விவசாயி என்னிடம், "அக்கா கட்டுனா ரெண்டு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்று தானாகவே சிபாரிசு வேறு செய்தார். நானும் ஒரு மோட்டாரைக் கொடுக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

கமிட்டியில் ஒப்புதல் கிடைத்தது. வங்கியில் இன்னும் கொஞ்சம் இழுத்தடித்தார்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மெஷின் வந்துவிட்டது. மறு வருடம் ஒரு வேலையாகச் சிதம்பரம் போனபோது எட்டிப் பார்த்தேன். கூடவே இரண்டு இளம்பெண்கள் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் கல்லாவில் இல்லை, வாசலில் மோட்டார்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, "இப்ப எனக்கே கொஞ்சம் கொஞ்சம் தெரியுது மேடம்" என்றார். பேசுகிற வேலையை இப்போது யார் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. உள்ளே அந்தப் பெண் கம்பிக் கடைக்காரரிடம் ஃபோனில் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதி முடித்திருப்பேன். ஆனால் சிதம்பரத்திலிருந்து திரும்பிய அன்று முழுவதும் எனக்கு ஒரே யோசனை. மறுநாள் ஆபீஸில் அலமாரியைத் திறந்து, நான் திருப்பி அனுப்பிய பழைய கோப்புகளை எடுத்தேன். செங்கல் சூளை, கீரை ஆய்ந்த அம்மா போன்றவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சில கோப்புகளைப் படித்தபோது கை நின்றது. கணவரே பேசினார், விண்ணப்பதாரர் மௌனமாக இருந்தார். அண்ணனே பதில் அளித்தார். விண்ணப்பதாரர் கணவரின் முகத்தைப் பார்த்தார். நானே என் கையால் எழுதியவை. மௌனமாக இருந்தால் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம் செய்துகொண்டு எழுதியிருக்கிறேன். ஏன் மௌனம் என்று ஒருவரையாவது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதாக எந்தக் கோப்பிலும் இல்லை.

அதில் ஒன்று கடலூர் முதுநகரில் ஒரு கடை. படகு இன்ஜினுக்கு உதிரிபாகம் விற்கிற கடை, 2006-இல் ஒரு பெண் பெயரில் மனு வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அங்கே போனேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. பழைய ஆட்கள் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் பக்கம் பிழைக்கப் போய் நாளாகிவிட்டது என்றார் கடைக்காரர். "அந்தக் கடைய யாருங்க பார்த்துக்கிட்டாங்க, அவரா, அந்த அம்மாவா?" என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தெரியலியே மேடம். நமக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார்.

அதற்குப் பிறகு எந்த ஆய்வுக்குப் போனாலும், பேசுகிறவரை டிரைவரோடு டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, பேசாமல் நிற்கிறவரோடு அரை மணி நேரம் உட்காருவேன். அதில் டூப்புகளும் அகப்பட்டார்கள், முதலாளிகளும் அகப்பட்டார்கள். ஓய்வு பெறும் நாளில் ஆபீஸில் என்னைப் பற்றிப் பேசியவர்கள், யாரும் என்னை ஏமாற்ற முடிந்ததில்லை என்றே பாராட்டினார்கள். மாலையும் கழுத்துமாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். சிதம்பரத்துப் பெண் பஸ் ஏறி வந்து என் காலடியில் உட்கார்ந்து காட்டியதால் அவர் யார் என்று தெரிந்துகொண்டேன். அப்படி வரத் தோன்றாமல், வர வழியில்லாமல் வீட்டோடு இருந்துவிட்ட மற்றவர்களில் எத்தனை பேர் அவரைப் போன்றவர்கள் என்பது எனக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை.